முன்னால் போன பை

ஜெயபாண்டி ஓட்டுகிற காலேஜ் பஸ் திங்கட்கிழமைகளில் மட்டும் இரண்டு தடவை புறப்படும். திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பித்துவிடுகிறது. ராஜபாளையத்தில் பஸ்ஸை எடுக்க வேண்டிய நேரமோ அதற்கும் பிந்தி. மனுஷன் என்னதான் செய்வான்? ஏழரைக்கு முன்னாலேயே வண்டியை ஸ்டார்ட் பண்ணி, முன் சக்கரம் இரண்டும் ஷெட்டுக்கு வெளியே வருகிற அளவுக்கு உருட்டி நிறுத்தி, அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அவன் கணக்குப்படி பயணம் தொடங்கியாயிற்று. அதற்குப் பிறகு எப்போது வண்டியை எடுத்தாலும் நடுவழியில் நின்ற வண்டியை மறுபடி எடுத்ததாகத்தான் அர்த்தமே தவிர, புறப்பட்டதாக அர்த்தம் இல்லை. ராகுவே நேரில் வந்து கேட்டாலும் இதைச் சொல்லிச் சமாளித்துவிடலாம் என்று வைத்திருந்தான்.

கிருஷ்ணன்கோவிலுக்குப் படிக்கப் போகிற பிள்ளைகள் இதை வைத்து அவனை ஓட்டாத நாள் கிடையாது. "அண்ணே, ரிவர்ஸ் எடுக்க நல்ல நேரம் பாத்தாச்சா?" என்று பின் சீட்டிலிருந்து ஒருவன் கத்துவான். "ஹாரன் அடிக்கலாமாண்ணே, இல்ல குளிகையா?" என்பான் இன்னொருவன். ஜெயபாண்டிக்குக் கோபமே வராது. "சிரிங்கப்பா, நல்லாச் சிரிங்க. இம்புட்டு வருசத்துல இந்த வண்டியில ஒரு பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு உண்டா?" என்று கேட்பான். அது உண்மைதான்.

வீட்டில் கதை இன்னும் மோசம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் அவன் குடியிருக்கும் வீட்டில் டிவிக்குக்கூட நடுச்சுவரில் இடம் கிடைக்கவில்லை. அங்கே தினசரி காலண்டர் தொங்கியது. ஃப்ரிட்ஜ் வாங்கிய அன்று எமகண்டம் முடிகிற வரை அது வெயிலில் நடுத்தெருவில் நின்றது. தெருப்பிள்ளைகள் எல்லாம் அதைத் திறந்து மூடி விளையாடிக் கதவு ரப்பரே லூசாகிவிட்டது. அவன் பெண்டாட்டி பொன்மணி கோர்ட்டு வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். வக்கீல்களையே வாயடைக்க வைக்கிறவள், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் புருஷனிடம் தோற்றுப்போய், தலையில் அடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

இந்தக் கிறுக்கு அவனுக்கு எங்கே பிடித்தது என்று கேட்டால், ஒன்றாம் வகுப்பில் என்று சொல்வான். அவன் அப்பா அவனைப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டது ஒரு செவ்வாய்க்கிழமை, அதுவும் எமகண்டத்தில். மத்தியானத்துக்குள் பையன் சுவர் ஏறிக் குதித்து ஓடிவிட்டான். மறுநாள் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் விட்டார்கள்; மறுநாளும் குதித்தான். எட்டாம் வகுப்பு வரைக்கும் அந்தச் சுவருக்கும் அவனுக்கும் ஓயாத பழக்கம். பிறகு லாரியில் கிளீனர், அப்புறம் டிரைவர். "கால் வச்ச நேரம் அப்படி. எங்கய்யா செத்த நேரம் பொறுத்துக் கூட்டிட்டுப் போயிருந்தா, நானும் இன்னைக்கு ஒரு ஆபீசரா இருந்திருப்பேன்" என்று சொல்லிக்கொள்வான்.

"வாய்ப்பாட்ட மனப்பாடம் பண்ணாதது யாரு, எமனா?" என்பாள் பொன்மணி.

ஆனால் அவனுக்குள் ஒரு ஏக்கம் உண்டு. அதைப் பொன்மணியிடமும் சொன்னதில்லை. தினமும் ஒரு பஸ் நிறைய பிள்ளைகளைக் காலேஜ் வாசலில் இறக்கிவிடுகிறான். அவர்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்துப் பேசியபடி உள்ளே போவார்கள். அவன் பஸ் நிறுத்தும் இடத்தைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை. உள்ளே அப்படி என்னதான் நடக்கிறது என்று வேப்பமர நிழலில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பான். தனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. தன் மகள் நாச்சியார் சுவர் ஏறிக் குதிக்கக் கூடாது, பள்ளிக்கூடத்தில் நிலைத்து நிற்க வேண்டும். கோயிலுக்குப் போனால் அவன் வேண்டிக்கொண்டதெல்லாம் இது ஒன்றுதான்.

நாச்சியாருக்கு ஐந்து வயது முடிந்து, இந்த ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு. அங்கன்வாடிக்குப் போனதை ஜெயபாண்டி கணக்கில் சேர்க்கவில்லை. அது சத்துமாவு சாப்பிடப் போனது. நிஜமான பள்ளிக்கூடம் இப்போதுதான். பள்ளி திறக்கிற நாள் எதுவென்று பேப்பரில் வந்ததும் காலண்டரைப் புரட்டிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். திங்கட்கிழமை. ஒன்பது வரை ராகு காலம். பத்தரைக்கு எமகண்டம். கிழக்கே சூலம், பள்ளிக்கூடமும் கிழக்கே. இது போதாது என்று பிள்ளையின் நட்சத்திரத்துக்கு அன்று சந்திராஷ்டமம். எல்லாக் கிரகமும் கூடிப் பேசி முடிவெடுத்தது போல இருந்தது.

மறுநாளே, தான் சுவர் ஏறிக் குதித்த அதே பள்ளிக்கூடத்துக்கு, தலைமையாசிரியை ஞானபாக்கியம் டீச்சரைத் தேடிப் போனான். டீச்சர் விடுமுறையிலும் பள்ளிக்கு வந்து, வராந்தாவில் நின்று பெஞ்சுகளைக் கழுவ வைத்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், திங்கக்கெழம பள்ளிக்கூடம் தெறக்குறீங்களாமே?"

"தெறக்காம? ஒரு மாசத்துக்கு மேல பூட்டிக் கெடக்கு."

"அத ரெண்டு நாள் தள்ளி, புதன்கெழம தெறந்தா எப்படி?"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி அவனை மேலும் கீழும் பார்த்தார். "ஜெயபாண்டி, இத நான் தெறக்கல. கவர்மெண்டு தெறக்குது. தமிழ்நாடு பூராவும் அன்னைக்குத்தான் தெறக்குது."

"தமிழ்நாட்டுல மத்த பிள்ளைகளுக்குச் சந்திராஷ்டமம் இல்லையே டீச்சர்."

"ராசி பன்னெண்டுதான? அப்ப பன்னெண்டுல ஒரு பிள்ளைக்கு இருக்கும்லா? அதுக எல்லாம் வருதா இல்லையா?"

"அதுகளோட அப்பன்மாருக்கு விசயம் தெரியாது டீச்சர்."

டீச்சருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "சரிப்பா, ஒனக்கு அம்புட்டு பயம்னா புதன்கெழமயே கூட்டிட்டு வா. ஒண்ணும் குடி முழுகிறாது" என்றார்.

அதற்கும் அவன் மனசு ஒப்பவில்லை. முதல் நாளே ஆப்சென்ட் என்றால் என்ன அர்த்தம்? வீட்டுக்குள் இருந்தபடியே சுவர் ஏறிக் குதித்ததாக அர்த்தம். "வேண்டாம் டீச்சர், அன்னைக்கே கூட்டிட்டு வாரேன். ஒம்பதுக்கு மேல வாரேன்."

"காலச் சாப்பாடு எட்டரைக்கே போடுவோமே. பிள்ளைக்கு வேண்டாமா?"

"ராகு காலத்துல சாப்பிடலாம், தப்பில்ல. உள்ள கால் வைக்கத்தான் கூடாது. ஜன்னல் வழியா குடுக்க முடியுமா?"

"நீ மொதல்ல எடத்தக் காலி பண்ணு" என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வருகிற வழியில் அவனுக்கு மூளையில் பளிச்சென்று ஒன்று உதித்தது. பரஸ்தானம்! புறப்படுகிற நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில், நல்ல நேரத்தில், பயணம் போகிறவரின் சாமான் ஒன்றைப் போகிற திசையில் உள்ள ஒரு வீட்டில் கொண்டு வைத்துவிட வேண்டும். அந்தச் சாமான் போனால் ஆளே புறப்பட்டுப் போனதாகக் கணக்கு. பஸ்ஸின் முன் சக்கரத்தை ஷெட்டுக்கு வெளியே எடுத்து வைக்கிற அதே சங்கதிதான், கொஞ்சம் பெரிய அளவில். வெள்ளிக்கிழமை நாள் அருமையாக இருந்தது. கிழக்கே அடுத்த தெருவில் பாண்டிசெல்வி அக்கா வீடு இருந்தது. நாச்சியாரின் பள்ளிக்கூடப் பையை அங்கே வைத்துவிட்டால் தீர்ந்தது.

தீரவில்லை. நாச்சியார் பையைக் கொடுத்தால்தானே? அது ஊதா நிறப் பை. முன்னால் ஒரு முயல் படம். முயலின் இரண்டு காதும் தனியாகத் துணியில் தைத்துத் தொங்கும். வாங்கின நாள் முதலாக அவள் அதைக் கீழே வைத்தது கிடையாது. சாப்பிடும்போதும் முதுகில் பை, தூங்கும்போதும் முதுகில் பை. குப்புறத்தான் படுப்பாள்.

"தாயி, பஸ்ஸுல கூட்டமா இருந்தா ஜன்னல் வழியா துண்டு போட்டு எடம் பிடிப்பாகள்ல? அது மாதிரி ஒம் பை முன்னாடியே போயி ஒனக்கு எடம் போட்டு வைக்கும்" என்றான் ஜெயபாண்டி.

டிரைவர் மகளுக்கு இது சட்டென்று புரிந்தது. "ஜன்னல் சீட்டா?"

"ஜன்னல் சீட்டேதான்."

அதற்குப் பிறகுதான் பை அவள் முதுகை விட்டு இறங்கியது. வெள்ளிக்கிழமை காலையில் பைக்குச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஜெயபாண்டி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நடக்க, தெருவே வேடிக்கை பார்த்தது. பாண்டிசெல்வி அக்காவும் இதிலெல்லாம் ஊறியவள். ஆலத்தி எடுத்து, பையை உள்ளே வாங்கி, மனைப்பலகை போட்டு உட்கார வைத்தாள்.

திங்கட்கிழமை வந்தது. ஜெயபாண்டி லீவு போட்டுவிட்டான். அவனுக்குப் பதில் சோலைராஜ் பஸ் ஓட்டுவதாக ஏற்பாடு. எல்லாம் சரியாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்று ஏழு மணிக்குப் பாண்டிசெல்வி அக்கா வீட்டுக்குப் போனான். கதவில் பூட்டு தொங்கியது.

போனைப் போட்டான். பின்னணியில் ஸ்பீக்கர் செட்டு அலறுகிற சத்தத்துக்கு நடுவே அக்கா கத்தினாள். "தம்பி! நான் ராஜபாளையத்துல எந்தம்பி வீட்டுல இருக்கேன்! நேத்து அவன் மகனுக்குக் காதுகுத்து, இன்னும் செட்டக் கழட்டல!"

"அக்கா, பை? பை எங்க?"

"ஒண்ணும் பதறாத. பரஸ்தானம் வச்ச பொருளப் பூட்டுன வீட்டுல அனாதையா போட்டா தோசம்லா? அதான் கையோட கொண்டாந்துட்டேன். காது குத்தும்போது மாமன் மடியில பிள்ளை, எம் மடியில பை. கீழயே வைக்கல தம்பி!"

ஜெயபாண்டி அலறினான். "அக்கா! பிள்ளை போக வேண்டியது கெழக்க! ராஜபாளையம் தெக்கால்ல கெடக்கு! இப்பப் பாருங்க, எம் மக தெக்க பொறப்பட்டுப் போன கணக்காயிட்டு!"

"அய்யய்யோ!" என்றாள் அக்கா. அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது.

நல்லவேளையாக, அக்காவின் தம்பி வீடு பஸ் நிற்கும் ஷெட்டுக்குப் பக்கத்துத் தெருதான். சோலைராஜிடம் பையைக் கொடுத்து விடுங்கள் என்றான். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய்க் கொடுத்துவிட்டாள். ஜெயபாண்டி மெயின் ரோட்டு ஸ்டாப்பில் வந்து நின்றான். தூரத்தில் அவன் பஸ் வருகிறது. முன் கண்ணாடிக்குப் பின்னால், அவன் தினமும் எலுமிச்சம்பழம் வைக்கிற இடத்தில், முயல் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சோலைராஜ் ஜன்னல் வழியே பையை நீட்டினான். ஜெயபாண்டியும் கையை நீட்டினான். நீட்டிய கை பாதியில் நின்றது. மணியைப் பார்த்தான். நட்ட நடு ராகு காலம்.

"ஏலே சோலைராஜு, ஏழரைக்கு முன்னாடியே சக்கரத்த வெளிய எடுத்து வச்சியா?"

"எந்தச் சக்கரம்ணே?"

"போச்சு!" என்று தலையில் கை வைத்தான் ஜெயபாண்டி. ராகு காலத்தில் புறப்பட்ட வண்டி. ராகு காலத்தில் ஏறிய பை. இதை ராகு காலத்திலேயே கையால் வாங்கினால் ராகுவைத் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போன மாதிரிதான். "நான் இப்ப வாங்க மாட்டேன். நீ கொண்டு போ. ஒம்பதுக்கு மேல யார்கிட்டயாவது குடுத்து விடு."

"அண்ணே, வெளையாடாதீங்க, பிடிங்கண்ணே!"

"மாட்டேன்னா மாட்டேன்!"

பின்னால் டவுன் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவில்லை. பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில் தலையை நீட்டி, "அண்ணே வாங்குங்க! அண்ணே வாங்காதீங்க!" என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து கத்தினார்கள். சோலைராஜ் வேறு வழியில்லாமல் கியரைப் போட்டான். நாச்சியாரின் பை கிருஷ்ணன்கோவிலைப் பார்த்துப் போய்விட்டது.

ஒன்பது மணிக்கு ஜெயபாண்டி போன் அடித்தான். சோலைராஜ் எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். பையை உள்ளே வைத்து வண்டியைப் பூட்டிவிட்டு, போனைக் கேன்டீனில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, அவன் எங்கோ நிழல் பார்த்துப் படுத்துவிட்டான் என்பதைக் கேன்டீன்காரர் எடுத்துச் சொன்னார். பஸ் இனிமேல் சாயங்காலம்தான் திரும்பும். பைக்கில் போய் அவனைத் தேடிக் கண்டுபிடித்துப் பையை எடுத்து வரலாம் என்றால், வருவதற்குள் எமகண்டம் வாசலில் வந்து நிற்கும்.

வீட்டில் பொன்மணி மகளுக்குத் தலை சீவி, ரிப்பன் கட்டி, புது யூனிபாரம் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். சூலத்துக்குப் பரிகாரமாக ஒரு கரண்டித் தயிரும் கொடுத்தாயிற்று. நடந்ததைக் கேட்டதும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கைக்கு வந்த பைய வாங்க மாட்டேன்னு சொன்ன ஆள ஊரு உலகத்துல எவளாவது பாத்திருப்பாளா? நான் பாத்திருக்கேன். கட்டிக்கிட்டு வேற இருக்கேன்."

நாச்சியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பை இல்லாம நான் வர மாட்டேன்."

"அம்மா வேற பை தாரேன் தாயி. கடைப் பை தாரேன்."

"எனக்கு எடம் போட்டு வைக்கும்னு அப்பா சொன்னாக. இப்ப அங்க எடமே இருக்காது." உதடு பிதுங்கி, கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

ஜெயபாண்டி வாசற்படிக்கு ஓடி வந்தான். பிள்ளை போக மாட்டேன் என்கிறது. முதல் நாள், முதல் மணி, அதற்குள் போக மாட்டேன் என்கிறது. இது அந்தச் சுவரேதான். தன் வீட்டு வாசற்படி வரைக்கும் அது வந்துவிட்டது. ராகுவும் வேண்டாம், கேதுவும் வேண்டாம், இந்தப் பிள்ளை எழுந்து நடந்தால் போதும் என்று நினைத்தான். அவள் முன்னால் குத்தவைத்து, "என்ன செஞ்சா நீ வருவ, சொல்லு" என்று கெஞ்சினான்.

நாச்சியார் யோசித்தாள். "அப்ப நீ வந்து எடம் போடு. பை வாற வரைக்கும் நீ இரு."

இப்படியாக ஜெயபாண்டி, வலது காலை எடுத்து வைத்து, ஒன்றாம் வகுப்புக்குள் நுழைந்தான். ஜன்னலோரத்தில் ஒரு குட்டி பெஞ்சு. அதில் ஒரு பக்கம் நாச்சியார் உட்கார, மறுபக்கம் அவன் முழங்கால் இரண்டும் தாடையில் இடிக்க உட்கார்ந்தான். பொன்மணி சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

ஞானபாக்கியம் டீச்சர் உள்ளே வந்தார். அவனைப் பார்த்தார். "புதுசா வந்திருக்கவங்க எல்லாம் எந்திரிச்சுப் பேரு சொல்லுங்க" என்றார். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து சொன்னது. நாச்சியார் சொன்னாள். டீச்சர் அடுத்து அவனைப் பார்த்தபடியே நின்றார். அவன் எழுந்து கையைக் கட்டிக்கொண்டு, "ஜெயபாண்டி, டீச்சர்" என்றான்.

முன் பெஞ்சிலிருந்து வல்லரசு என்கிற பொடியன் திரும்பிப் பார்த்து, "டீச்சர், இவுக பெயிலா?" என்று கேட்டான்.

"பெயில் இல்ல," என்றாள் நாச்சியார் கோபமாக. "இவுக எம் பை."

கொஞ்ச நேரத்தில் மகள் பாட்டில் லயித்துவிட்டதைப் பார்த்து, மெல்ல நழுவிவிடலாம் என்று ஜெயபாண்டி எழப் பார்த்தான். சுவர்க் கடிகாரத்தில் பத்தரை. எமகண்டம்! எமகண்டத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போவதா? ஒரு ஆயுசுக்குப் போதுமான அளவு அதை அனுபவித்தவன் அவன். எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்ன ஜெயபாண்டி, ஒண்ணுக்குப் போகணுமா?" என்றார் டீச்சர்.

"இல்ல டீச்சர்."

"அப்ப எல்லாரோடயும் சேர்ந்து பாடு."

பாடினான். அணில் வந்தது, அணிலுக்குக் கையை ஆட்டினான். ரயில் வந்தது, ரயிலுக்கும் ஸ்டீயரிங் பிடித்தான். ரயிலுக்கு ஸ்டீயரிங் கிடையாது என்று வல்லரசு திருத்தினான். அப்புறம் டீச்சர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தாளும் கலர் பென்சிலும் கொடுத்து, பிடித்ததை வரையச் சொன்னார். அவனுக்கும் ஒரு தாள் வந்தது. என்ன வரைவது? பஸ் வரைந்தான். ஜன்னல் ஜன்னலாக வைத்து, ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு பிள்ளையின் தலை வைத்தான். ஒரு தலைக்கு ரிப்பன் கட்டினான். பல் தெரியச் சிரிக்கிற மாதிரி ஒரு டிரைவர். சக்கரத்தை வட்டமாக வரைய வரவில்லை. நாக்கைத் துருத்திக்கொண்டு அழித்து அழித்து வரைந்தான். பக்கத்துப் பெஞ்சுப் பிள்ளை தன் வளையலைக் கழற்றிக் கொடுத்து, இதை வைத்துச் சுற்றி வரை என்று சொல்லிக்கொடுத்தது. அட, ஆமாம்! அவனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

தலை நிமிர்ந்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது. எமகண்டம் எப்போதோ முடிந்து போயிருந்தது. சாமி கும்பிடும்போதுகூட மணிக்கட்டில் ஒரு கண் வைத்திருக்கிறவனுக்கு நேரம் போனதே தெரியவில்லை. ஜன்னல் வழியே பார்த்தான். வெளியே காம்பவுண்டுச் சுவர் தெரிந்தது. அவன் இடுப்பு உயரம்கூட இல்லை. இதையா அந்தக் காலத்தில் அம்புட்டு பாடுபட்டு ஏறினோம் என்று நினைத்தான். இந்தப் பக்கம் இவ்வளவு நன்றாக இருக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் ஏறியிருக்க மாட்டான். அவனுக்கு அழுகை வரும் போல இருந்தது.

நாச்சியாரைத் தேடினான். அவள் ஜன்னல் இடத்தை எப்போதோ விட்டுவிட்டு, வல்லரசு பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்து, அவன் தட்டிலிருந்து முட்டையின் மஞ்சள் கருவை வாங்கிக்கொண்டு வெள்ளையைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே ஆச்சரியம்.

"நீ இன்னும் போகலையாப்பா?"

"பை வரலையே தாயி."

"அது வரும்போது வரட்டும். நீ போ. எல்லாரும் சிரிக்காக."

போ என்று சொல்லிவிட்டாள். இதைத்தான் அவன் இத்தனை நாளாக வேண்டிக்கொண்டிருந்தான். வேண்டினது கிடைத்தபோது கிளம்ப மனசு வரவில்லை. படம் வரைந்த தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்து முறையாக வெளியே போனான். வராந்தாவிலிருந்து ஞானபாக்கியம் டீச்சர், "ஜெயபாண்டி, முழு நாள் இருந்திருந்தா அட்டெண்டென்ஸ் போட்டிருப்பேனே!" என்றார்.

"இன்னொரு நாள் வாரேன் டீச்சர்" என்றான். உண்மையாகத்தான் சொன்னான்.

சாயங்காலம் பஸ் வந்தது. ஸ்டாப்பில் நாச்சியாரும் நின்றாள், கடையை மூடிவிட்டு வந்த பொன்மணியும் நின்றாள். பின் சீட்டிலிருந்து பை பிள்ளைகளின் கைமாறிக் கைமாறி முன்னால் வந்தது. சோலைராஜ் நீட்ட, இந்த முறை ஜெயபாண்டி மணியைப் பார்க்காமலே வாங்கிக்கொண்டான்.

"அண்ணே, காலேஜ் சார் ஒருத்தரு வண்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, யாரு பைன்னு கேட்டாரு. ஒரு பிள்ளை சேரப் போகுது சார், பை மட்டும் அட்வான்சா வந்திருக்குன்னு சொல்லிட்டேன்" என்று சிரித்துவிட்டு வண்டியை எடுத்தான் சோலைராஜ்.

வீட்டுக்கு நடக்கும்போது பொன்மணி மெல்லக் கேட்டாள். "ஏங்க, பரஸ்தானம்னா பை போற எடத்துக்கு ஆளும் போன கணக்குன்னுதான சொன்னீங்க?"

"ஆமா."

"இன்னைக்குப் பை எங்க போச்சு?"

ஜெயபாண்டி நடந்துகொண்டிருந்தவன் நின்றுவிட்டான். பை எங்கே போனது? காலையிலிருந்து அதைத் திட்டித் தீர்த்தானே தவிர, அது போய்ச் சேர்ந்த இடத்தை அவன் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை. அவன் பார்க்காத இடத்துக்கு மகள் போய்விட்ட கணக்கு. "காலேஜுக்கு" என்றான்.

"பொறவென்ன, நடங்க" என்றாள் பொன்மணி.

வீட்டுக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் கை காலண்டருக்குப் போய்விட்டது. மறுநாள் செவ்வாய்க்கிழமை. ஒன்பதிலிருந்து பத்தரை வரை எமகண்டம். மணி அடிக்கிற அந்த நேரமேதான், அவன் அப்பா அவனைக் கொண்டு விட்ட அதே நேரம். தாளைப் பிடித்தபடி அசையாமல் நின்றான்.

நாச்சியார் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அப்பா, நாளைக்கு எடம் போடணும்லா? இப்பவே பைய டீச்சர் வீட்டுல கொண்டு வச்சிருவமா?"

பொன்மணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஜெயபாண்டி காலண்டரையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பையை வாங்கி அவள் முதுகில் மாட்டி, முயல் காது இரண்டையும் நேராக எடுத்து விட்டான்.

"வேண்டாம் தாயி. இனிமே அது ஒனக்கு முன்னால எங்கயும் போகண்டாம். நீ போற எடத்துக்கெல்லாம் அது ஒம் முதுகுல வரட்டும்."

செவ்வாய்க்கிழமை அவன் பஸ் ஓட்டப் போய்விட்டான். ஒன்பது அடித்ததும் காலேஜ் வாசலில் நின்று பொன்மணிக்குப் போன் போட்டான். பையை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் அவனைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.

"போயிட்டாளா?"

"போயிட்டா. கைய ஒதறிட்டு ஓடிட்டா. திரும்பிக்கூடப் பாக்கல."

"அழுதாளா?"

"அவ எங்க அழுதா? நீங்கதான் மூக்க உறிஞ்சுதீங்க. என்ன, அழுதீங்களா?"

"ஏட்டி, எமகண்டத்துல எவனாவது அழுவானா?" என்றான் ஜெயபாண்டி. "பத்தரை ஆகட்டும்."